திறந்தவர்கள்

மாதத்தின் முதல் செவ்வாய், காலை ஆறு மணி.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கடிதம் போகிறது:
ஹீட்டர் வடிகட்டியை மாற்றினீர்களா?
மூஸ் ஜாவில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வேன் இருமுகிறது, கிளம்ப மறுக்கிறது.

முதல் கடிதத்தில் தள்ளுபடி என்று ஏழு முறை எழுதினேன்.
ஒன்பது பேர் விலகினார்கள்,
அதில் ஒருவர் டார்லாவின் அண்ணன்.
அப்புறம் விற்பதை விட்டேன்.
குழாய் உறைந்தால் எந்த வால்வை மூடுவது,
ஹேர் டிரையரை எந்த முனையிலிருந்து காட்டுவது,
தெரிந்ததை எழுதினேன்.
"எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் கூப்பிடுவார்கள்?"
டார்லா, கணக்கிலிருந்து தலை நிமிராமல்.

யார் யார் திறந்தார்கள் என்று பட்டியல் வரும்.
தலையில் எப்போதும் ஒரே பெயர்: கார்னெட் ஃபேர்.
ஆறு மணி இரண்டு நிமிடம். ஆறு மணி மூன்று.
அடுத்த தெரு. இதே தொழில்.
என்னைவிட இரண்டு வேன் கூடுதல்.
போன பிப்ரவரியில் அவன் அனுப்பிய கடிதத்தில்
என் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

இந்தச் செவ்வாய்
ஏழாயிற்று, மதியமாயிற்று.
நாற்பத்தெட்டுப் பேர் திறந்தார்கள். கார்னெட் இல்லை.
"தொல்லை விட்டது" என்றாள் டார்லா.
புதன்.
வியாழன்.
வெள்ளி மாலை, ஏதோ பாகத்தின் விலை கேட்பதுபோல்
அவன் கடைக்குப் போன் போட்டேன்.

மகள் எடுத்தாள்.
கூரையில் பனி வழுக்கி, இடுப்பெலும்பாம்.
போனும் பனிக்குள் எங்கோ புதைந்துவிட்டதாம்.
"உங்கள் கடிதம் வந்ததா என்று
ஆஸ்பத்திரியில் நச்சரிக்கிறார்."

அவள் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.
அனுப்புமுன் திருத்தப் போய்,
மூன்றாம் பத்தியில் ஒரு பிழையை மட்டும்
விட்டுவைத்தேன்.
படுத்தே கிடக்கிறான்,
தேடட்டும்.