நாற்பத்தியொரு தார்

என்னிடம் மூன்று மடக்குக் கத்திகள்.
நாலாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை,
அது தம்பியிடம் இருக்கிறது.

முதலாவது ஜங்ஷனில் வாங்கியது, பளபளப்பு.
கறுக்காது, துருப்பிடிக்காது.
பன்னிரண்டு தார் சீவும்.
பதின்மூன்றாவதில் வெட்டுவதை விட்டுவிட்டுக்
காம்பைக் கடிக்க ஆரம்பிக்கும்.

இரண்டாவதைத் திறக்கும்போது ஒரு சத்தம் வரும்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினேன் என்று
வேலம்மாளிடம் இதுவரை சொல்லவில்லை.
வாழைக்கு ஆகாது. காகிதம் கிழிக்கும்.
வக்கீல் நோட்டீஸ் வந்த உறையை
அதை வைத்துத்தான் பிரித்தேன்.

மூன்றாவது மேலப்பாளையம் சந்தையில்,
ஆடு பார்க்கப் போன ஒரு செவ்வாய்க்கிழமை.
ஆடு படியவில்லை.
தம்பியும் நானும் ஆளுக்கொரு கத்தி,
ஒரே அலகு, ஒரே கொம்புப் பிடி.
"தொடைக்காம மடக்காதிய, அவ்வளவுதான்" என்றார் விற்றவர்.
கார்பன் இரும்பு.
கறை ஏறி ஏறி இப்போது கத்தரிக்காய் நிறம்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்திருக்கிறேன்:
களக்காட்டு ஏத்தன்,
சாணைக்கும் சாணைக்கும் நடுவே நாற்பத்தியொரு தார்.
மழைக்காலத்தில் முப்பத்தெட்டு.
ஏனென்று தெரியாது.

கூர் பார்க்கக் கட்டைவிரலைக் கொடுப்பவர்கள் உண்டு,
முழங்கை மயிரைக் கொடுப்பவர்களும்.
நான் நகத்தின் மேல் வைப்பேன்.
வழுக்கினால் மழுங்கல்.
நின்றால், நிற்கிறது.

நாங்குநேரி கோர்ட்டு வாசலில்
பையில் உள்ளதையெல்லாம் தட்டில் வைக்கச் சொன்னார்கள்.
சில்லறை, பஸ் டிக்கெட், பாக்குப் பொட்டலம், இது.
"வாழைத்தார்க் கத்திம்மா" என்றேன்.
"இந்த ஊருல பிடிச்ச அம்புட்டு பேரும்
வாழைக்குத்தான்னு சொல்லுதாங்க" என்றார் பெண் காவலர்.
விரலை வைத்து அலகை அளந்தார்.
சீட்டில் எழுதினார்:
கத்தி ஒன்று, மடங்கியது.
எத்தனை தார் என்று எழுத அதில் இடமில்லை.

உள்ளே வழக்கு, ஒன்றரை அடி வாய்க்கால் வரப்பு.
எதிர் பெஞ்சில் தம்பி, புதுச் சட்டை.
பதினோரு மணிக்கு என்றார்கள்.
இரண்டரைக்குக் கூப்பிட்டு
வாய்தா கொடுத்தார்கள்.

வெளியே வந்தால் அலகில் கொய்யா விதை.
"நல்லா வெட்டுது அண்ணாச்சி" என்றார் காவலர்,
"மிளகாப்பொடி இருக்கு, ஒரு துண்டு எடுங்க."
எடுத்தேன்.
வேட்டி முனையில் துடைத்தேன், அப்புறம் மடக்கினேன்.

புளியமரத்தடியில் தம்பியின் கார்.
"ஒன்னுது இன்னும் வெட்டுதா?"
ஏழு மாதத்தில் முதல் பேச்சு.
டாஷ்போர்டுக்குள் கைவிட்டு அவனுடையதை எடுத்தான்.
கறையே இல்லை.
என் நகத்தில் சோப்புப்போல வழுக்கியது.
"ஒரு தாரும் வெட்டாம எப்படிடே மழுங்கிச்சு?"
"ஸ்குரூ திருகுனேன். பெயிண்ட் டப்பா திறந்தேன்."
கொஞ்சம் பொறுத்து, "பேட்டரியைச் சுரண்டினேன்."

கண்ணாடியைப் பாதி இறக்கச் சொன்னேன்.
கார்க் கண்ணாடியின் மேல் விளிம்பில்
மெருகேறாத சொரசொரப்பு ஒன்று உண்டு,
அவசரத்துக்கு அதுதான் சாணை.
அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே,
நான் கத்தியோடு வெளியே,
இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு.
டீக்கடையிலிருந்து பார்த்த அவன் வக்கீல்
கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.
"ஒண்ணுமில்ல சார்" என்றான் தம்பி,
"அண்ணன் சாணை பிடிக்கான்."

பிசிர் போக உள்ளங்கையில் நாலு இழுப்பு.
நகத்தில் வைத்துக் காட்டினேன். நின்றது.

"எத்தனை தாருக்குத் தாங்கும்?"
கண்ணாடிச் சாணைதானே,
ஆறு, மிஞ்சினால் ஏழு.
அடுத்த வாய்தா பதினாலாம் தேதி.
எண்ணிப் பார்க்க அவனிடம் தார் இல்லை,
வாழையெல்லாம் வரப்புக்கு இந்தப் பக்கம்.