வலது பெருவிரல்

ஒன்றாம் தேதியிலிருந்து புது விதி.
ஊசி குத்துமுன் ஒரு தரம்,
ஊசி எடுத்தபின் ஒரு தரம்
ரேகை வைக்க வேண்டும்.

செத்தவர் பெயரிலெல்லாம் எங்கோ
பில் போட்டுத் தின்றார்களாம்.
பிடிக்க வேண்டியதுதான்.
நான் குறை சொல்லவில்லை.

செக்கானூரணியில் ஐந்தேகால் பஸ் ஏறி
காளவாசலில் இறங்கி
ஏழு மணிக்கு முதல் ஆளாய் நின்றோம்.
ஒச்சம்மாள் கட்டைவிரலை
அந்தச் சின்னக் கண்ணாடிமேல் வைத்தாள்.
சிவப்பு.
மறுபடி.
சிவப்பு.

"தலையில தேச்சுட்டு வைங்கக்கா,
எண்ணெப்பசை இருந்தா எடுக்கும்" என்றாள்
காப்பீட்டு மேசை ரெஜினா.
தேய்த்தாள். சிவப்பு.
ஈரத்துணியில் துடைத்தாள். சிவப்பு.
ஆள்காட்டி விரல், மோதிர விரல், இடதுகை ஐந்தும்.
பத்து விரலும் தீர்ந்தபோது
எங்கள் பின்னால் பதினோரு பேர்.

பத்தொன்பது வருஷம்
கருமாத்தூர்ச் சூளையில் செங்கல் அறுத்தவள்.
அச்சில் மண்ணை அடித்து
ஓரத்தைப் பெருவிரலால் வழித்து
நாளைக்கு எண்ணூறு கல்.
"எங்கிட்ட ஏது தாயி ரேகை?
இந்தச் சுவத்துப் பூச்சைப் பேத்துப் பாரு,
உள்ளுக்குள்ள இருந்தாலும் இருக்கும்."
ரெஜினா சிரித்துவிட்டாள்.
வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

முன்பு கையெழுத்துதான்.
அதற்காகவே மகனிடம் உட்கார்ந்து
ஆறெழுத்தில் தன் பெயரைப் பழகினாள்.
'ஒ' சுழிக்கவே ஒரு மாதம்.
இப்போது எழுதத் தெரிகிறது,
கேட்பாரில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
இந்த அட்டை இல்லையென்றால்
இரண்டு வருஷத்துக்கு முன்பே
ஆடுகள் போயிருக்கும்,
பிறகு அந்த இருபது சென்ட்,
பிறகு அவள்.
வாரம் மூன்று முறை
யாரோ எங்களுக்காக
யாருக்கோ பணம் கட்டியிருக்கிறார்கள்.
முகம் தெரியாத அந்த ஆளைக்
கும்பிட்டுத்தான் படுப்பேன்.
அதே ஆள்தான் இப்போது
இது அவள்தானா என்கிறான்.

கருவிழி பார்க்கும் மிஷின் வருகிறதாம்.
என்றைக்கு என்று ரெஜினாவுக்குத் தெரியாது.
அவள் ஒருவருக்குப் போன் செய்தாள்,
அவர் சென்னைக்கு எழுதிக் கேட்டார்,
சென்னை சாப்பிடப் போயிருந்தது.

திங்கட்கிழமை கைக்காசு, ஆயிரத்து இருநூறு.
புதன்கிழமை பரவை மார்க்கெட்டில்
மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம்.
வெள்ளிக்கிழமை
"நாளைக்குப் போய்க்கிருவோம்" என்றாள்,
கல்யாண வீட்டுக்குத் துணி எடுப்பதைத்
தள்ளிப்போடுவதுபோல.

மூட்டை தூக்குகிறவன் நான்,
எடை தெரியும் எனக்கு.
சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து கைபிடித்து இறக்கும்போதே
மூன்றரைக் கிலோ என்று நினைத்தேன்.
தராசு மூன்றே முக்கால் காட்டியது.
அத்தனையும் தண்ணீர்.
சித்திரை வெயிலில் அரை லிட்டரைப்
பாட்டில் மூடியால் அளந்து குடிக்கிறவள்.
அன்று கட்டியது மகனின் செமஸ்டர் பணம்.
அவன் எதுவும் கேட்கவில்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

அவளுடைய இடது முழங்கையின் உள்பக்கம்
இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடத்தில்
ராப்பகலாய் ஒரு வண்டு இரைகிறது.
தொட்டால் அதிரும்.
காது வைத்தால் கேட்கும்.
சத்தம் நின்றால் உடனே ஓடி வாருங்கள் என்று
டாக்டர் சொன்னதிலிருந்து
ராத்திரியில் இரண்டு மூன்று தரம்
காது வைத்துப் பார்க்கிறேன்.

இருக்கிறாள்.

நாளைக்குத் திங்கள்.
பெருவிரலில் தேங்காயெண்ணெய் தடவி
பாலித்தீன் பை சுற்றிப் படுத்திருக்கிறாள்.
ஊறினால் ரேகை தெரியுமென்று
வரிசையில் யாரோ சொன்னார்களாம்.
ரப்பர் பேண்டு இறுக்குதா என்று கேட்டேன்.
"பேசாமப் படுங்க.
அஞ்சேகால் பஸ்ஸு."