வில்லங்கம்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
ஒரு தாளில் சதுரமும் வட்டமும் போட்டாள்.
ஆண் சதுரம். பெண் வட்டம்.
இருபத்தாறு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்,
வாரிசுக் கணக்கு எனக்குப் புதிதில்லை.
பகவதியின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள்:
வலிப்பு, வயசு பதினாலு.

"வீட்டுல வேற யாருக்கும் உண்டுமா?"
இல்லை.
"மனநோய்?"
பேனா மூடியைத் திருகியபடியே
இல்லை என்றேன்.
வில்லங்கம் ஏதுமில்லை என்று
எத்தனை பேருக்கு எழுதிக்கொடுத்த கை.

பிரமநாயகம் அண்ணன்
கல்லிடைக்குறிச்சி வீட்டு மச்சில்
ராத்திரி முழுக்க யாருக்கோ பதில் சொல்வான்.
கேள்வி எங்களுக்குக் கேட்டதில்லை.
நல்ல நாளில்
என்னைவிட அழகாய்க் கையெழுத்துப் போடுவான்.
கெட்ட நாளாகப் பார்த்துத்தான்
அவன் பெருவிரலில் மை தடவினேன்.

"மேற்படி சொத்தில் எனக்குள்ள
சகல பாத்தியதைகளையும் மனப்பூர்வமாய் விடுதலை செய்து..."
மனப்பூர்வமாய்.
அந்த வார்த்தையும் நான் போட்டதுதான்.
கன்னடியன் கால் பாசனம், நஞ்சை, முப்பத்தெட்டு சென்ட்,
நான்கெல்லை பிசகாமல்.

வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அவள் விழுந்த அன்று
ஆபீஸ் பீரோ சாவியை அவள் கையில் திணித்தேன்.
அதற்கு டாக்டரம்மா திட்டினாள்.
விழுவதற்கு முன்னால் ஒரு நொடி
இடப்பக்கமாய்த் திரும்பி
"இந்தா வாரேன்" என்கிறாள் பிள்ளை.
"யாரு கூப்பிடுதா?" என்று பதறுகிறாள் அவள் அம்மா.
எனக்குத் தெரியும் அந்தக் குரல்.
மச்சுப் படியில் நின்று கேட்டிருக்கிறேன்,
அண்ணன் வாயில், அதே இழுப்பில்.

"ரெண்டும் வேற வேற நோய்தான்.
சில குடும்பத்துல வேர் ஒண்ணா இருக்கலாம்.
எல்லாருக்கும் வரணும்னு இல்ல.
தெரிஞ்சா மாத்திரை பார்த்து எழுதுவேன்,
சில மாத்திரை மனசைக் கெடுக்கும்,
அதுக்குத்தான் கேக்கேன்."

வெளியே வந்து
டீக்கு நின்று
குடிக்காமல் திரும்பிப் போனேன்.
டோக்கன் இல்லாமல் உள்ளே விடவில்லை.
கதவிடுக்கில் நின்றபடி சொன்னேன்:
எங்க அண்ணன். சுரண்டைப் பக்கம் ஒரு ஹோமில்.
பதினோரு வருஷம்.

தாளைத் தேடி எடுத்து
அவன் சதுரத்தைக் கறுப்பாக்கினாள்.
கோட்டுக்கு வெளியே கொஞ்சம் மை போயிற்று.
பத்திரமாயிருந்தால் அடித்தல் திருத்தல் என்று
அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பக்கத்துச் சதுரம் நான்.
அதில் ஒன்றுமில்லை என்று
வெள்ளையாகவே விட்டுவிட்டாள்.