விழாத புள்ளி

தடைக்காலம் முடிய இன்னும் மூன்று நாள்.
குளச்சலில் படகுக்கு நீலம் அடித்தாயிற்று,
கேபின் நெற்றியில் பெயர்தான் பாக்கி.
பெனிற்றா அக்கா கேட்டது ஒரே ஒரு அச்சு,
மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில்:
ஸ்டெல்லா மாரிஸ்.

எழுத்து விழ வேண்டும், பலகை நிற்க வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

திங்கள்சந்தையில், வாடகை மாடியறையில்
பத்து வாட் நீல ஒளி
பச்சைக் கண்ணாடிக்குள் வெள்ளையாய் ஊர்ந்தது.
ஓரத்து ஸ் பொத்தென்று விழுந்தது,
புள்ளியும் கூடவே.
நடுவில் ல் அசையவில்லை.
தட்டினேன். பலகைதான் குலுங்கியது.
திருப்பிப் பார்த்தால் பின்பக்கம்
பென்சில் கோடுபோல் ஒரு பழுப்பு,
அங்கங்கே அதுவும் இல்லை.

சக்தி போதவில்லை என்று நினைத்தேன்
(எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான்).
வேகத்தைப் பாதியாக்கினேன்.
விளிம்பு கரிந்தது, ஒரு சின்னத் தீ எழுந்தது,
ஈரத்துணியால் அமுக்கினேன்.
ல் அப்போதும் அசையவில்லை,
முகம் மட்டும் கறுத்திருந்தது.

லென்ஸைக் கழற்றினேன்.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சில்
கட்டன்சாயா நிறம் இறங்கியது.
எத்தனை பெயர்ப்பலகைகளின் புகையோ,
வில்பிரட் வீட்டுப் புதுநன்மை அட்டைகள் உட்பட.
சரி, கண்டுபிடித்துவிட்டேன் என்று
பாட்டே முணுமுணுத்தேன்.
கொஞ்சம் தேவலை.
புள்ளி பாதி வெட்டில் தொங்கியது,
ஆடும் பால்பல் மாதிரி.

மீன்தொட்டிக் கடையில் வாங்கிய காற்றுப்பம்பின்
குழாய் நழுவிக் கிடந்தது. மாட்டினேன்.
புகை விலகியது. ல் விலகவில்லை.

இரவு பதினொன்றரை.
கோபத்தில்தான் பலகையைச் சுற்றி வைத்தேன்,
தலை கீழாக, இடம் வலமாக.
மறுபடி ஓரங்கள் விழுந்தன.
மறுபடி நடு நின்றது.
அப்படியானால் மிஷின் கோணலில்லை.
இரும்பு ஸ்கேலை மேலே கிடத்தினேன்:
நடுவில் தொட்டது, இரு முனையிலும்
கீழே வெளிச்சம் தெரிந்தது.

பலகை முதுகு வளைத்திருந்தது,
சோம்பல் முறிக்கும் பூனை அளவுக்கு.
நடுவில் இரண்டரை மில்லிமீட்டர் உயரம்.
ஒளி கூர்மையாய் இருக்கும் இடம் ஒன்று,
மரம் இருந்த இடம் வேறொன்று.

ஏன் வளைந்தது என்று கேட்கவே வேண்டாம்.
புகை போகட்டும் என்று ஒரு வாரமாய்
நான்தான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.
அதன் வழியே சாரல்
தினமும் உள்ளே வந்து
சாய்த்து வைத்த பலகையைத்
தடவிக்கொண்டிருந்திருக்கிறது.

காலையில் அக்கா வந்தாள்.
"முடிஞ்சா பிள்ளே?"
"இல்லக்கா. பாரம் வைக்கணும், கனமா, சின்னதா."
அவள் சிரித்தாள். ஸ்கூட்டியின் அடியில்
வலைக்கு வாங்கிய ஈயக்குண்டுகள், நாலு கிலோ.
எழுத்தில்லாத இடமாய்ப் பார்த்து
ஒவ்வொன்றாக வைத்தோம்,
லேசர் தலை இடிக்காதபடி.
பலகை படுத்தது.
நடுவிலேயே கட்டையை வைத்து
உயரத்தைப் புதிதாய் அளந்தேன்.

ல் விழுந்தது. லா விழுந்தது.
மா, ரி, எல்லாம் மழைக்குப் பின் நாவல்பழம்போல்.
கடைசி ஸ் விழுந்தது.
அதன் புள்ளி விழவில்லை.

ஸ்கேல் சமம். லென்ஸ் சுத்தம். காற்று வீசுகிறது.
டார்ச் அடித்தேன்: நடு அடுக்கில்
பயறளவு பசைக்கட்டி,
எந்த ஆலையில் யார் கை தடுமாறியதோ.
ஸ்டெல்லா மாரிஸ என்று நின்றது பெயர்.
இன்னொரு முறை ஓட்டவா என்றேன்.

அக்கா பதில் சொல்லவில்லை.
கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி
ஒரு குத்து.

புள்ளி தெறித்து எங்கோ போனது.
தேடவில்லை.
அவள் போனபிறகு
தரை துடைக்கையில் குதிகாலில் ஒட்டியிருந்தது,
ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் வெள்ளை.
ஜன்னலை முக்கால் சாத்தினேன்.