பத்தொன்பதாவது கேள்வி

புன்டா அரினாஸில் காற்று மிஞ்சும் நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
நண்டுத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போனேன்.

நான்கு பக்கப் படிவம்.
பெயர், யெசேனியா பராவோனா.
காலணி அளவு முப்பத்தேழு.
நண்டு உடைத்த அனுபவம் உண்டு.
கடைசிப் பக்கத்தின் மேல் மூலையில்
பத்தொன்பதாவது கேள்வி,
ஆம் இல்லை என்று இரண்டு கட்டங்கள்,
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு.

வலிப்பு.
சொல்லுக்குள்தான் வலி இருக்கிறது.
வரும்போது எனக்கு ஒன்றும் வலிப்பதில்லை.
தூங்கிப்போய் நிறுத்தத்தைத் தவறவிட்டதுபோல்
கொஞ்ச நேரம் காணாமல் போயிருக்கும்,
நாக்கில் ரத்த ருசி,
சுற்றிலும் யார் யாருடைய முழங்கால்களோ.
கடைசியாக வந்தது ரொட்டிக்கடையில்,
நான்கு வருடம் ஆகிறது.
மறுநாள் முதலாளி என் மேலங்கியை மடித்துக் கொடுத்தார்.
அவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் மடித்து
நான் பார்த்ததில்லை.

இரண்டு கட்டத்துக்கும் நடுவே
ஒரு கோடு போட்டேன்,
பேனா சோதித்துப் பார்த்ததுபோல்.

மேசைக்கு அந்தப்புறம் மிரேயா ஓயார்சூன்.
எதையும் விடாமல் நிரப்பணும் என்று
எல்லாரையும் அதட்டுகிறவர்.
தாள்களைப் புரட்டும்போது நான் தரையைப் பார்த்தேன்,
பழுப்பு ஷூ, வலது ஓரத்தில் ஒட்டுத் தையல்.
கடைசிப் பக்கத்தில் அவர் கை நின்றது.
நின்றதா?
பிறகு ஸ்டேப்ளரை அமுக்கினார்,
பின் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே இறங்கியது.
கை தவறிவிட்டது என்று நினைத்தேன்.

ரம்பத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்,
சத்தம் ஆகாது என்று கேட்டுக்கொண்டேன்.
அது பொய்தான்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஏழு மாதம்.
வெள்ளை பூட்ஸ், விரலிடுக்கில் நண்டு முள்.
காலை பத்து மணிக்குக் கழிவறை.
முதலில் தண்ணீரை இழுத்துவிடுவேன்,
அது இரைகிற நேரத்துக்குள் மாத்திரையை
அட்டையிலிருந்து பிதுக்கிவிட வேண்டும்.

நேற்று குழாய் உறைந்துபோய்த் தண்ணீர் இல்லை.
அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
அடுத்த தடுப்பில்
டக்.
எனக்குத் தெரியாத சத்தமா அது?
ஒரு மூச்சு விட்டு
இன்னொரு டக்.

குனிந்து பார்த்தேன்.
பூட்ஸ் இல்லை.
பழுப்பு ஷூ, வலது ஓரத்தில் தையல்.

மணி அடித்தது.
அங்கேயும் அசைவில்லை, இங்கேயும் இல்லை.
யார் முதலில் வெளியே போவது?

கட்டைவிரலை வைத்து
கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினேன்.
டக்.