இந்த மேசையில் கவசம்

போயா நாள். பரந்தன் சந்தியில் ரயர் கடை பாதிக் கதவோடு.
பின்னறையில் நாலு பேர்.
இருபது முகப் பகடை ஒன்று
கொழும்பு பஸ்ஸில் பார்சலாய் வந்தது.
மற்றதெல்லாம் லூடோக் கட்டை.

இரும்புச் சட்டை போட்டவனில் அடி படுவது கடினம்
என்கிறது விதிப்புத்தகம்.
"படும்" என்றாள் அஜந்தினி.
"பட்டால் எவ்வளவு நோகும் எண்டதுதான் சட்டையின்ர வேலை."
எதிர்த்துப் பேச ஆளில்லை.
கிழமையில் ஐந்து நாள் முகமாலையில்
கவசம் மாட்டி முழங்காலில் நின்று
மண்ணை விரற்கடை விரற்கடையாய்ச் சுரண்டுபவள்.
நாங்கள் மாட்டியதெல்லாம் மழைக்கோட்டு.

பில் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்:
கவசம், விழும் அடியில் மூன்றைக் கழிக்கும்.
"முன்பக்கம் மட்டும். முதுகு திறந்தது" என்றாள்.
முகக் கண்ணாடியில் மூச்சுப் படியும், பார்வையில் ஒன்று குறை.
இடையில் கழற்றித் தண்ணீர் குடிக்காதவன்
எதிரியில்லாமலே விழுவான், வெயிலில்.

"எந்த வெயில்? கதை நடக்கிறது பனிமலையில்" என்றான் சுகிர்தன்.
"பனி பாத்திருக்கிறியா?"
அவன் மலையும் பார்த்ததில்லை.
எங்கள் பனிமலையில் அன்றிலிருந்து சித்திரை வெயில்.

மேட்டில் நிற்பவனுக்கு அனுகூலம்:
இரண்டு தரம் உருட்டலாம், பெரியதை எடுக்கலாம்.
இங்கே மேடென்றால் குளக்கட்டு.
குளக்கட்டில் நிற்பவனை ஊருக்கே தெரியும்.
ஆகவே அவனை நோக்கி எய்பவனுக்கும் இரண்டு தரம்.
சுகிர்தனின் வில்லாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

எழுபத்து நாலாம் பக்கம் வந்தது.
சண்டையை விட்டு ஓடுகிறவனின் முதுகில்
எதிரிக்கு ஓர் இலவச அடி.

லூயிஸ்ராஜ் அதுவரை வாய் திறக்கவில்லை.
கையிலிருந்த பேனையை வாங்கி
அந்த வரியை வெட்டினான்.
கீழிருந்த மூன்று பில்லிலும் கோடு விழுந்தது.

பிறகு கேட்டான்:
"ஒராளைத் தூக்கிக்கொண்டு ஓடினால்?"
வேகம் பாதி, புத்தகத்தில்.
"பாதி இல்லை."
முழுசா?
"அதுக்கும் மேல."
எவ்வளவு தூரத்துக்கு? விதிக்கு ஓர் இலக்கம் வேணும்.
"அதை எழுதாதை" என்றான்.
இடம் விட்டிருக்கிறேன். இன்னும் காலிதான்.

பூதங்களை நடத்துவது நான்.
வெட்டுப்பட்ட இலவச அடி என்னுடையது என்று
அப்போது எனக்கு உறைக்கவில்லை.
நாலு மணிக்கு அஜந்தினியின் வீராங்கனை ஒன்றை உருட்டி விழுந்தாள்.
லூயிஸ்ராஜின் வைத்தியன் அவளைத் தோளில் போட்டான்.
திறந்த முதுகு, பனியில் வெயில்,
ஏழு பூதங்களின் கோடரிகள் என் கையில்.

உள்ளங்கையில் பகடை வியர்த்தது.
அவர்களைக் கட்டம் கட்டமாய் நகர்த்தினேன்,
மேசை விளிம்பு வரை.
அதற்கப்பால் வரைபடம் இல்லை.

கதவில் யாரோ தட்டி, "தம்பி, பின் சில்லு காத்துப் போட்டுது" என்றார்.
சுகிர்தன் எழும்பிப் போனான்.
நாங்கள் பிளேன்ரீக்குத் தண்ணீர் வைத்தோம்.