கரண்டி ஓடைச் சரளை

மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டது மாவட்டச் சரளைக் குழி.
இனி அறுபது மைல் தள்ளி விலைக்கு வாங்கி
லாரியில் கொண்டுவர வேண்டும் என்றார் ஆல்டன் ஓஸ்ட்பி.
மொண்டானாவின் இந்தத் தென்கிழக்கு மூலையில்
சாலைத் துறை என்பது அவரும் நானும் ஒரு கிரேடரும்.
டீசல் கணக்கை இரண்டு முறை கூட்டினார்.
இரண்டு முறையும் அதே தொகை.

அன்றிரவு கொட்டகையில் ஹீட்டர் பக்கம்
வரைபடத்தை விரித்தேன்.
பழுப்புக் கோடுகள், கோட்டுக்குக் கோடு இருபது அடி.
நெருங்கினால் செங்குத்து, விலகினால் புல்வெளி.
ஓடையைக் கடக்கும் இடமெல்லாம்
கோடு மூக்கை நீட்டும், நீர் வந்த திசைக்கு.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்,
பனியில் வழி தவறாதிருக்கக் கற்றது.

கரண்டி ஓடை
(யாரோ கரண்டி தொலைத்த இடமாம்)
தெற்கிலிருந்து வருகிறது,
வடகிழக்கே நேராக, ஒன்பது மைல்,
எங்கோ அழைப்பு இருப்பவன் போல.
பிறகு சட்டென்று முழங்கையை மடக்கி
மேற்கே ஒரு பிளவில் விழுந்து
பௌடர் ஆற்றுக்குப் போய்விடுகிறது.

முழங்கைக்கு நேர் எதிரே ஒரு மேடு.
மேட்டில் ஒரு தாழ்வு, குதிரைச் சேணம் போல.
அதற்கப்பால் அதே திசையில், அதே அகலத்தில்,
பள்ளத்தாக்கு தொடர்கிறது.
அதனுள் ஓடுவதற்கு முழு நீலக் கோடுகூட இல்லை,
புள்ளியும் கோடுமாய் ஒரு வாய்க்கால்,
அண்ணன் சட்டைக்குள் தொலைந்த பையன்.

சேணத்துக்கும் முழங்கைக்கும் நடுவே
ஒன்றரை மைல் தண்ணீர் பின்னோக்கி ஓடுகிறது.
அதில் சேரும் சிற்றோடைகள் மட்டும்
இன்னும் வடகிழக்கே முகம் வைத்தே வருகின்றன,
தூண்டில் முள்ளாய் எதிர்த்துக் குத்தி,
கடைசி இருபது கஜத்தில் தடுமாறித் திரும்புகின்றன.
ஆறு மாறியதை
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.
மேற்குச் சரிவில் ஏதோ ஒரு நீர்க்கால்
தன் தலைமாட்டைத் தானே அரித்து அரித்து
பின்னால் ஏறி வந்திருக்கிறது,
ஒரு மழைக்கு ஒரு சாண், சில மழைக்கு அதுவுமில்லை,
பிறகு ஒரு நாள் கரண்டி ஓடையின் விலா உடைந்தது.
சேணத்தின் மேல் ஆறு நின்றுபோனது.
ஆறு போகும்.
அது சுமந்து வந்த கல் எங்கே போகும்?

சேணம் டோர்லீஃப் க்விஸ்ட்டின் மேய்ச்சல் நிலம்.
"இங்கேயா ஆறு?" என்றார்.
"அப்பா மூன்று கிணறு தோண்டினார், மூன்றிலும் தூசி.
நாலாவது தோண்டியிருந்தால் அம்மா கிளம்பியிருப்பாள்."
ஆனாலும் கேட்டைத் திறந்துவிட்டார், பின்னாலேயே வந்தார்.

மேலே புல். காற்று. மான் புழுக்கை.
நசுங்கிய பியர் டப்பா ஒன்று.
மண்வெட்டி இறங்கவில்லை, தரை உறைந்திருந்தது.
திரும்பலாம் என்றபோதுதான் பார்த்தோம்,
எங்களுக்கு முன்பே ஒரு வளைக்கரடி
தோண்டித் தள்ளியிருந்த குவியலை.
மண்ணோடு கூழாங்கற்கள்.
முட்டை போல, எதிலும் ஒரு முனையில்லை.
டோர்லீஃப் ஒன்றைப் பேண்ட்டில் துடைத்து
வெகுநேரம் பார்த்தார்.
"படம் போட்டவனுக்குத் தெரியுமா இது?"
தெரிந்திருக்காது என்றேன்.
அவன் உயரத்தை மட்டும்தான் எழுதினான்.

கறாராகத்தான் விலை பேசினார், கல்லைக் கீழே வைக்காமல்.

இப்போது அதைத்தான்
பள்ளிப் பேருந்து வரும் சாலையில் பரப்பி இழுக்கிறேன்.
சாலை மேற்கே இறங்குகிறது, முழங்கை தாண்டி, பிளவு வழியே.
அடைமழையில் ஓரத்துக் கற்கள் உருண்டு
ஓடைக்குள் விழுகின்றன.
இத்தனை காலம் சேணத்தில் கிடந்தவை
தண்ணீர் போன வழியே போகின்றன,
என் பிளேடின் தயவில்.
எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் மிசௌரிதானே,
என்கிறார் ஆல்டன்.

முழங்கைக்கு இரண்டு மைல் தெற்கே
இன்னொரு நீர்க்கால் மேலேறி வருகிறது.
அதன் தலைமாட்டில் கோடுகள் மூச்சுமுட்ட நெருங்கியிருக்கின்றன.
வேலிக் கம்பத்திலிருந்து அந்த விளிம்புக்கு
நாற்பத்தொரு அடி, டேப் பிடித்து அளந்தேன்.
வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து
பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன்.